பெரேரா என்ற பெயர் போதுமா?

கும்பளங்கி தொடங்கி ஃபோர்ட் கொச்சி வரை, கடலோர லத்தீன் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் பெரேரா, ஃபெர்னாண்டஸ் போன்ற பெயர்கள் தலைமுறை தலைமுறையாக வருகின்றன. இந்தப் பெயரை வைத்து போர்ச்சுகல் பாஸ்போர்ட் வாங்க முடியுமா? முடியாது. கோவாக்காரர்கள் வாங்குகிறார்களே என்றால், அவர்கள் கதை வேறு. கோவா, டாமன், டையூவில் போர்த்துக்கீசிய ஆட்சி 1961 டிசம்பர் 19 வரை நீடித்தது. அதற்கு முன் அங்கே பிறந்தவர்கள் தங்கள் பிறப்பை லிஸ்பனில் பதியலாம். பதிந்தவரின் பிள்ளைகளும் அந்த வழியில் உரிமை கோரலாம். கொச்சியிலோ 1663இல் டச்சுக்காரர்கள் நுழைந்ததோடு அந்த ஆட்சி முடிந்துவிட்டது.

குழப்பத்துக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. ஆட்சி போன பிறகும் கொச்சி மறைமாவட்டத்தின் ஆயரை முன்மொழியும் உரிமை 1950 வரை போர்ச்சுகலிடம் இருந்தது. ஆகவே போர்த்துக்கீசிய ஆயர் காலத்துத் திருமுழுக்குச் சான்று ஒன்று வீட்டுப் பெட்டியில் கிடைக்கலாம். அது திருச்சபை உறவுக்குச் சாட்சி, குடியுரிமைக்கு அல்ல.

உங்கள் தாத்தாவோ பாட்டியோ கோவாவில் பிறந்தவர் என்றால் மட்டுமே மேலே படிக்க வேண்டும். முதலில் அவருடைய பிறப்புப் பதிவின் சான்றிட்ட நகலைக் கோவாவில் எடுக்க வேண்டும். பிறகு அவருடைய திருமணப் பதிவு, அதன்பின் உங்கள் அப்பா அல்லது அம்மாவின் பிறப்புப் பதிவு, கடைசியில் உங்களுடையது. சிக்கல் பெரும்பாலும் எழுத்துகளில்தான் வரும். கோவாப் பதிவில் ஒரு விதமாகவும், கேரளத்துப் பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருக்கும் பெயர் ஒரே ஆளுடையது என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். போர்ச்சுகல் தன் குடியுரிமைச் சட்டத்தை அண்மைக் காலத்தில் பலமுறை திருத்தியிருப்பதால், தரகரிடம் பணம் கட்டுமுன் பனாஜியிலுள்ள போர்ச்சுகல் துணைத் தூதரகத்தில் இன்றைய விதியைக் கேளுங்கள்.

இழப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, விரும்பி வேற்று நாட்டுக் குடியுரிமை பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார்; வாக்குரிமையும் போகும். பின்னால், வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை பெற்றாலும் விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். கும்பளங்கியில் பக்கத்துப் பொக்காளி நெல்வயல் விலைக்கு வந்தால் வாங்க வழியில்லை.