உங்களுக்குத் தெரியுமா? முகல்சராயில் கிடந்த உடல்

1968 பிப்ரவரி 10. லக்னோவில் பாட்னாவுக்கு ரயில் ஏறினார் ஜனசங்கத் தலைவர் தீனதயாள் உபாத்யாயா. அந்தப் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. விடிவதற்குள் முகல்சராய் நிலையத்தருகே, தண்டவாளத்தை ஒட்டிய மின்கம்பத்தின் பக்கத்தில் பிணமாகக் கிடந்தார். முதலில் பார்த்தவர்களுக்கு யாரென்றே தெரியவில்லை! (2018இல் அதே நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.)

பெட்டியில் திருட வந்தவர்கள்தான் தள்ளிவிட்டார்கள் என்று இருவர்மீது கொலை வழக்குப் போட்டது சி.பி.ஐ. வாரணாசி செஷன்ஸ் நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. 1969இல் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து இருவருமே விடுதலை. ஒருவருக்கு மட்டும் திருட்டுக்காகச் சிறை. ஆக, சட்டப்படி கொலையாளி யாருமில்லை. பின்னாளில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியான ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான கமிஷனும் விசாரித்தது. அரசியல் காரணம் ஏதுமில்லை, திருடர்கள் வேலையே என்றது. கட்சிக்காரர்கள் பலர் இன்றுவரை அதை ஏற்கவில்லை.