83 பாகையும் தகரக் கூரையும்

கிராபிக்ஸ் கார்ட்டுக்கு வியர்க்காது. வன்னியின் கோடை நடுப்பகலில் விசிறிக்குக் கீழே இருக்கிற மனிதருக்குக் கிடைக்கும் சுகம், அதே காற்றுப் படுகிற கணினிக்குக் கிடைப்பதில்லை. நமக்கு வியர்வை ஆவியாகும்போது உடம்பு குளிர்கிறது. கார்ட்டை எத்தனை விசிறி வைத்து ஊதினாலும் அறைக் காற்று எந்த வெப்பநிலையில் இருக்கிறதோ அதற்குக் கீழே அதை இறக்க முடியாது. வளிமண்டலவியல் திணைக்களம் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைச் சேர்த்து வெளியிடும் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை மனிதருக்கானது. கார்ட்டுக்கு வேண்டிய தகவல் அறைச் சுவரில் மாட்டிய ஒரு வெப்பமானியில் இருக்கிறது.

வைகாசியில்தான் இந்தச் சிக்கல் கூடுதலாகக் கண்ணில் படும். கலியாணங்களும் வரும், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலும் வரும். கிளிநொச்சி, பரந்தன், முள்ளியவளை, புதுக்குடியிருப்பு என்று எல்லா ஊர் ஸ்ரூடியோக்களிலும் வீடியோ வேலை குவிந்து கிடக்கும். டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள் நிறம் திருத்தும் பாரத்தில் பெரும்பகுதியைக் கார்ட்டின் தலையில்தான் ஏற்றுகிறது. அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறவர்களும், 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பம்பைமடு வளாகத்து மாணவர்களும் இயந்திரக் கற்றல் பயிற்சிக்காக மடிக்கணினியை இரவு முழுக்க ஓட விடுகிறார்கள். கேம் விளையாடுகிற பெடியளைச் சொல்லவே வேண்டாம். எல்லோரிடமும் கேள்வி ஒன்றுதான்: "80க்கு மேலே போகுது, எரிஞ்சு போகுமோ?"

எரியாது. என்விடியா தன் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்ட்டுக்கு வைத்திருக்கும் உச்ச எல்லை 97 பாகை செல்சியஸ். ஜிடிஎக்ஸ் 1060க்கு 94. ஆர்டிஎக்ஸ் 3060க்கு 93. அந்த எல்லைக்கு வெகு முன்பே, பெரும்பாலும் 83 பாகையை ஒட்டி, கார்ட் தன் வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கிவிடும். கேம் திக்கித் திணறும், கலியாண வீடியோ ரெண்டராக நேரம் இழுக்கும், அவ்வளவுதான். 2010இல் வந்த ஜிடிஎக்ஸ் 480 சூட்டுக்குப் பேர்போனது. 90 பாகையைத் தாண்டி ஓடுவதே அதன் வழக்கம். அப்படியும் வருடக்கணக்காக உழைத்த கார்ட்டுகள் உண்டு. சூடு உண்மையிலேயே கார்ட்டைக் கொன்ற கதைகளின் பின்னால் வேறு குறை இருந்தது. 2008இல் என்விடியாவின் மடிக்கணினிச் சில்லுகள் கூட்டமாகப் பழுதானபோது, சூடேறி ஆறி, சூடேறி ஆறிச் சில்லுக்கு அடியிலிருந்த ஈயப் பற்று விரிசல் விட்டதே காரணம். நிறுவனம் 15 கோடி முதல் 20 கோடி டொலர் வரை செலவுக்கு ஒதுக்க வேண்டி வந்தது. 2022 டிசம்பரில் வெளிவந்த ஏஎம்டியின் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்ட்டுகள் சில 110 பாகையைத் தொட்டன. குளிரூட்டும் தகட்டுக்குள் அடைத்த நீர் போதவில்லை என்று அடுத்த மாதம் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அவை தொழிற்சாலைக் குறைகள். வன்னியில் நாம் படும் பாடு வேறு. அதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

யூடியூப்பில் பார்க்கிற பரிசோதனைகள் அநேகமாக 20 முதல் 25 பாகை வரையான அறையில் நடப்பவை. 170 வாட்ஸ் இழுக்கிற ஒரு கார்ட் 22 பாகை அறையில் 68 பாகையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறையை விட 46 பாகை கூடுதல். இந்த வித்தியாசம் கார்ட் இழுக்கும் மின்சக்தியையும் விசிறியின் வேகத்தையும் பொறுத்தது. ஊரைப் பொறுத்து மாறாது. ஆகவே அதே கார்ட்டை அதே விசிறி வேகத்தில் 36 பாகை அறைக்குக் கொண்டுவந்தால் 82 பாகை. கார்ட்டில் ஒரு குறையும் இல்லை. கூரைதான் குறை.

கூரை என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. தகரமும் சீற்றும் பகலில் கொதிக்கும், பொழுது பட்டதும் விரைவாக ஆறும். டவுனில் மேல்மாடியில் கொங்கிறீற் தட்டின் கீழே இருக்கிற ஸ்ரூடியோவோ பகலில் வாங்கிய சூட்டை இரவு பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். தகரக் கூரைக்காரர் இரவில் ரெண்டர் போட்டால் பலன் உடனே தெரியும். மாடிக்காரர் விடியப்புறத்துக்குத் தள்ளுவதே நல்லது. குளிரூட்டி வாங்கலாமே என்பவர்களுக்கு: 170 வாட்ஸ் கார்ட் ஒன்றைக் குளிர்விக்க 800, 900 வாட்ஸ் இழுக்கிற இயந்திரத்தை ஓட்டுவது கடைக்குக் கட்டுமோ என்னவோ, வீட்டுக்குக் கட்டாது.

காசே செலவாகாத மருந்து ஒன்று இருக்கிறது. ஏனோ பலர் அதைத்தான் கடைசியில் தேடுகிறார்கள். எம்எஸ்ஐ ஆப்டர்பேர்னர் என்ற இலவச மென்பொருளில் மின்சக்தி எல்லையைக் குறைக்கிற ஒரு கோல் உண்டு. அதை 100இலிருந்து 75க்கு இழுத்துவிடுங்கள். மேலே போட்ட கணக்கில் 170 வாட்ஸ் 128 ஆகும். 46 பாகை வித்தியாசம் ஏறத்தாழ 35 ஆகும். 82 பாகையில் நின்றது 71க்கு வந்துவிடும். வேகம் கால்வாசி குறையுமே என்று பயப்பட வேண்டாம். சில்லு இழுக்கும் மின்சக்தி வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு ஏறுகிறது. கடைசித் துளி வேகத்துக்காகத்தான் கார்ட் அநியாயத்துக்கு மின்சாரம் குடிக்கிறது. அதை வெட்டினால் இழப்பு பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். மடிக்கணினிகள் பலவற்றில் இந்தக் கோல் வேலை செய்யாது. அங்கே கேமின் பிரேம் எண்ணிக்கையை 60க்குக் கட்டிப்போடலாம். மெத்தையில் வைத்து ஓட்டுவதை விட்டுப் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கலாம்.

கணினி இழுக்கும் மின்சாரம் பில்லிலும் தெரியும். முழுக் கணினியும் 300 வாட்ஸ் இழுத்து, நாளுக்கு ஐந்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 45 அலகு. வீட்டு மின்கட்டணத்தில் 60 அலகைத் தாண்டினால் படிநிலையே மாறிவிடுகிற நாட்டில், 45 அலகு சின்ன விஷயம் இல்லை.

அடுத்த எதிரி புழுதி. சோளகம் வீசத் தொடங்கினால் கிறவல் ரோட்டுச் செம்புழுதி எந்த யன்னலுக்கும் மரியாதை கொடுப்பதில்லை. அறுவடைக் காலத்தில் வயற்கரை வீடுகளுக்கு வைக்கோல் தூசியும் சேரும். அதற்குப் பயந்து ஓடுகிற கணினியின் மேலே சீலை போர்த்துகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தூசியைத் தடுக்கப் போய்ச் சூட்டுக் காற்றையும் உள்ளே பூட்டிவைக்கிற வேலை அது. போர்ப்பதென்றால் நிற்பாட்டி, ஆறிய பிறகு போருங்கள். நிலத்தில் வைத்த கேசிங்கை மேசையில் தூக்கி வைத்தாலே உள்ளே போகும் தூசி குறையும். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் நாலைந்து பாகை குறையலாம். ஆனால் நம்மூரில் திறந்த பெட்டி என்றால் பல்லிக்கும் எறும்புக்கும் வீடு. தகட்டை மூடிவிட்டு, பின்னால் சூட்டுக் காற்றை வெளியே தள்ளுகிற ஒரு விசிறி கூடுதலாகப் போடுவதுதான் என் கட்சி.

மாதம் ஒருமுறை மென்மையான தூரிகையால் துடைப்பது போதும். டயர் கடையில் கொண்டுபோய்க் காற்றடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்து வரும். வேகத்தில் கார்ட்டின் விசிறி கட்டுக்கடங்காமல் சுற்றி அச்சுத் தேய்ந்துபோகும். சின்ன ஊதுகருவியால் அடித்தாலும் விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று தனித் தலையிடி. அங்கே யன்னல் பக்கம் கணினியை வைக்கவே கூடாது.

இத்தனைக்குப் பிறகும் சூடு இறங்காவிட்டால்தான், சில்லுக்கும் குளிரூட்டும் தகட்டுக்கும் இடையில் பூசியிருக்கிற தெர்மல் பேஸ்ட் பக்கம் போக வேண்டும். மூன்று நாலு வருடத்தில் அது காய்ந்துவிடலாம். காய்ந்ததா என்று பார்க்க ஜிபியு-இசட், எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் சில்லின் பொது வெப்பநிலையையும் அதன் மிகச் சூடான புள்ளியையும் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையில் 10, 15 பாகை வித்தியாசம் சாதாரணம். 25ஐத் தாண்டினால் பேஸ்ட் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று சந்தேகப்படலாம். மாற்றுவது கடினமில்லை, ஆனால் ஓரிடத்தில் பலர் சறுக்குகிறார்கள். நினைவகச் சில்லுகளின் மேலே இருக்கிற தெர்மல் பேட்டின் தடிப்பு பழையதோடு ஒத்துப்போக வேண்டும். கொஞ்சம் தடித்ததைப் போட்டால் நடுச்சில்லு குளிரூட்டும் தகட்டைத் தொடாமல் நின்றுவிடும். கழற்றுமுன் இருந்ததை விட மோசமாகும். உத்தரவாதம் மிச்சமிருக்கிற கார்ட்டில் திருப்புளியை வைக்கவே வேண்டாம்.

இன்னொரு பயம் கரண்ட் போவது பற்றியது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியால வெட்டு வரை பட்டவர்களுக்கு அது இலகுவில் போகாது. சூடாக ஓடும்போது திடீரென்று விசிறி நின்றால் கார்ட் வெந்துவிடும் என்று நினைக்கிறார்கள். விசிறி நிற்கிற அதே கணத்தில் சூட்டை உண்டாக்குகிற சில்லும் நின்றுவிடுகிறதே. கவலைப்பட வேண்டியது கரண்ட் திரும்பி வரும்போது துள்ளுகிற வோல்ட்டேஜைப் பற்றி. அதற்கு நல்ல பவர் சப்ளையும் பாரத்தைத் தாங்குகிற யூபிஎஸ்ஸும் வேண்டும், பேஸ்ட் உதவாது.

பாவித்த கார்ட் வாங்குகிறவர்களுக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. 2022 செப்டம்பர் 15ஆம் திகதி எதீரியம் நாணயம் கார்ட்டுகளை வைத்து அகழும் முறையைக் கைவிட்டது. அதன் பின் உலகம் முழுக்க இரவு பகலாக உழைத்த கார்ட்டுகள் மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. அகழ்வில் ஓடியது என்பதற்காகவே ஒன்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே சூட்டில் நின்ற சில்லு, ஏறி இறங்கியதை விடக் குறைவாகவே களைத்திருக்கும். தேய்ந்திருப்பது விசிறியும், எண்ணெய் கசிந்த பேட்டும், நினைவகமும். கடையில் வைத்தே ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளைப் போட்டு இருபது நிமிடம் ஓட விடச் சொல்லுங்கள். விசிறிச் சத்தத்தைக் காது வைத்துக் கேளுங்கள், சூடான புள்ளியைப் பாருங்கள். ஹீட் கன் பிடித்து உயிர் கொடுத்த கார்ட் ஐந்து நிமிடத்துக்கு எதையும் காட்டிக்கொடுக்காமல் நிற்கக்கூடும். குளிரூட்டி போட்ட கடை என்றால், கிடைக்கிற எண்ணோடு இன்னொரு பத்து, பன்னிரண்டு பாகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.