ஜீப்புக்கு எந்தச் சக்கரம்?

காலோ எட்டாம் நம்பர். கம்பீரமாக இருக்கிறது என்பதற்காகப் பதினோராம் நம்பர் பூட்ஸை வாங்கி மாட்டிக் கொண்டு ஒருவர் மலையேறப் புறப்பட்டால் நாம் என்ன செய்வோம்? எதற்கும் இருக்கட்டும் என்று அவருடைய வீட்டு விலாசத்தைக் கேட்டு வாங்கி வைத்துக் கொள்வோம். ஆனால் இதே காரியத்தை ஒருவர் தம்முடைய ஜீப்புக்குச் செய்தால், தெருவே நின்று பார்க்கிறது. 'அடேயப்பா, என்ன டயர்!' என்று வாயைப் பிளக்கிறது.

2020-ஆம் வருஷத்தில் மஹிந்திராவின் புதிய 'தார்' வண்டி வந்தது. அன்று முதல் இந்த ஆசை நம் ஊர்களில் நன்றாகப் பிடித்துக் கொண்டிருக்கிறது. வண்டி வீட்டு வாசலுக்கு வந்து, சக்கரத்தடியில் நசுக்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம் காய்வதற்குள் சொந்தக்காரர் டயர் கடைக்குப் போய்விடுகிறார்.

"அண்ணே, முப்பத்து மூணு அங்குலம் போட்டுடலாமா?"

"தாராளமாப் போடலாம் தம்பி. வண்டியை எங்கே ஓட்டப் போறீங்க?"

"ஆபீஸுக்குத்தான். வருஷத்துக்கு ரெண்டு தடவை மலைக்குப் போவேன்."

"அப்படீன்னா ஆபீஸுக்கு ஏத்த டயரைப் போட்டுக்குங்க. அந்த ரெண்டு நாளுக்கு வேற வழி சொல்றேன்."

இப்படிப் பதில் சொல்லக்கூடிய கடைக்காரர் கிடைத்தால் அது பூர்வஜன்ம புண்ணியம். கிடைக்காதவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஆறு அங்குலம் செய்த காரியம்

முதலில் கொஞ்சம் பழைய கதை. இரண்டாவது உலக யுத்தத்தில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் டயர் அளவு 6.00-16. அதாவது டயரின் அகலம் ஆறே அங்குலம். ரிம்மின் குறுக்களவு பதினாறு அங்குலம். இன்று அதை நம் இளைஞர்களிடம் காட்டினால், 'இதென்ன, சைக்கிள் டயரா?' என்று கேட்பார்கள். பர்மா யுத்த முனையின் சேற்றில் உழன்றது அந்த ஜீப்தான். 1947-ல் மஹிந்திரா கம்பெனியார் பம்பாயில் பாகங்களைச் சேர்த்து உருவாக்கத் தொடங்கியதும் அதே வம்சத்து வண்டியைத்தான்.

ஒடுங்கிய டயர் எப்படிச் சேற்றில் போயிற்று? விஷயம் இதுதான். நம் ஊர்ச் சேறு பெரும்பாலும் மேலே குழம்பு, அடியிலே கெட்டித் தரை. ஒடுங்கிய டயர் குழம்பை வெட்டிக் கொண்டு கீழே இறங்கிக் கெட்டித் தரையைப் பிடித்துக் கொள்கிறது. மணலும் பனியும் அப்படியல்ல. எவ்வளவு தோண்டினாலும் அடியிலே கெட்டித் தரை அகப்படாது. அங்கே வண்டி மேலேயே மிதந்து போக வேண்டும். அதற்குத்தான் பருத்த டயர்.

ஐஸ்லாந்து தேசத்தில் இந்த வித்தையைக் கரை கண்டிருக்கிறார்கள். வாட்னஜோகுல் போன்ற பெரிய பனிப்பாளங்களின் மீது 38 அங்குலம், 44 அங்குலம் உயரமுள்ள டயர்களைப் போட்டு ஓட்டுகிறார்கள். காற்றை இரண்டு மூன்று பவுண்டு வரையில் இறக்கி விடுவார்கள். டயர் தோசை மாதிரி பரந்து, பனியின் மேல் வண்டியைத் தாங்கும். ஆனால் அவர்கள் டயரை மட்டும் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதில்லை. மட்கார்டை வெட்டி அகலப்படுத்துகிறார்கள், ஆக்ஸிலில் உள்ள பல் சக்கரங்களை மாற்றுகிறார்கள், ஸ்பீடாமீட்டரைத் திருத்துகிறார்கள், பிறகு வண்டியைத் தனிப் பரிசோதனைக்குக் கொண்டு போகிறார்கள். படத்தில் அந்த வண்டியைப் பார்க்கும் நம்மவர் கண்ணில் டயர் மட்டுமே படுகிறது!

டயரின் ஜாதகம்

ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் அதன் ஜாதகம் பொறித்திருக்கிறது. 2020-ல் வந்த தார் இரண்டு அளவுகளில் வந்தது. ஒன்று 245/75 ஆர் 16. மற்றொன்று 255/65 ஆர் 18. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயர்ச் சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில்.

காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். 245-ல் நூற்றுக்கு 75 என்றால் ஏறக்குறைய 184 மில்லிமீட்டர். மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 368. பதினாறு அங்குல ரிம் 406 மில்லிமீட்டர். கூட்டினால் மொத்த உயரம் சுமார் 774. இன்னொரு அளவையும் இப்படியே போட்டுப் பார்த்தால் 789 வருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர்தான். ஆனால் ரிம் பெரிதாகப் பெரிதாக ரப்பர்ச் சுவர் குறைகிறது. பதினாறில் 184 மில்லிமீட்டர் இருந்த சுவர் பதினெட்டில் 166-தான். கல்லிலும் பள்ளத்திலும் அடி வாங்கிக் கொண்டு ரிம்மைக் காப்பாற்றுவது அந்தச் சுவர். ஆகவே காட்டுப் பாதைக்குப் போகிறவர், விலை உயர்ந்த பதினெட்டைவிட எளிய பதினாறு தமக்கு ஏற்றது என்பதைக் கண்டு ஆச்சரியப்படக் கூடாது.

ஜாதகத்தில் இன்னும் இரண்டு சங்கதிகள் உண்டு. அளவை ஒட்டி 111, 112 என்று ஓர் எண் இருக்கும். அது சுமை எண். 111 என்றால் அந்த ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும். 112 என்றால் 1,120 கிலோ. கம்பெனி போட்ட எண்ணுக்குக் குறைந்ததை ஒரு நாளும் வாங்காதீர்கள். மற்றொன்று நான்கு இலக்கம் கொண்ட பிறந்த தேதி. 1824 என்றிருந்தால் 2024-ஆம் வருஷத்தின் பதினெட்டாவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஓடாத டயருக்கும் வயது ஏறும். பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அந்த மூன்று சென்டிமீட்டர்

இப்போது ஆசை டயருக்கு வருவோம். கடைத்தெருவில் 'முப்பத்து மூன்று' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் 285/75 ஆர் 16. அதன் உயரம் சுமார் 834 மில்லிமீட்டர். 774-லிருந்து 834 என்றால் அறுபது மில்லிமீட்டர் அதிகம். ஆனால் வண்டியின் வயிறு அறுபது உயராது. டயரின் நடுவிலே அல்லவா அச்சு இருக்கிறது? ஆகவே பாதி, அதாவது மூன்று சென்டிமீட்டர்தான் உயரும்.

அந்த மூன்று சென்டிமீட்டருக்காக வண்டி கொடுக்கும் விலையைப் பாருங்கள்.

பழைய டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 411 சுற்றுச் சுற்றியது. புதியது 382 சுற்றுத்தான் சுற்றுகிறது. ஸ்பீடாமீட்டர் பாவம், சுற்றைத்தான் எண்ணும். அது 80 என்று காட்டும்போது வண்டி 86-ல் போய்க் கொண்டிருக்கும். ஓடிய தூரத்தையும் குறைத்தே காட்டும்.

எஞ்சினுக்கு ஒவ்வொரு கியரும் நூற்றுக்கு ஏழே முக்கால் பங்கு கனத்துப் போகும். முன்பு இரண்டாவது கியரில் ஏறிய ஏற்றத்துக்கு முதல் கியர் தேவைப்படலாம். டீசலும் அதிகம் குடிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பிரேக். பிரேக் பிடிப்பது அச்சருகே. வண்டி நிற்க வேண்டியது தரையிலே. நடுவில் தூரம் அதிகமானால், அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் பிடி குறையும். அதோடு கனத்த டயர் சுழன்று கொண்டிருக்கும்போது அதை நிறுத்துவதும் லேசுப்பட்ட காரியமல்ல. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் குடும்பத்தோடு இறங்கி வருகிறவர் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். வண்டியும் முன்பைவிட உயர்ந்து நிற்கிறது. வளைவில் சாயும் குணம் கூடுகிறது. முன் ஸீட்டில் அம்மா, பின் ஸீட்டில் குழந்தைகள், கீழே பள்ளத்தாக்கு. இந்தச் சமயத்தில், டயரைப் பார்த்துத் தெருவார் சொன்ன பாராட்டு உதவிக்கு வராது.

இன்னும் இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசும். சமதரையில் உரசாவிட்டாலும், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி இன்னொன்று மேலே ஏறும்போது உரசும். ஸ்டெப்னியையும் மறந்துவிடக் கூடாது. நாலு டயர் வாங்கினால் ஐந்தாவதும் அதே அளவில் வாங்க வேண்டும். தாரில் அது பின்கதவில் தொங்குகிறது. கூடுதல் பாரம் முழுவதையும் அந்தக் கதவின் கீல்கள்தான் சுமக்க வேண்டும்.

உயரத்தை ஏற்றாமல் கொஞ்சம் பருமனான டயர் வேண்டும் என்கிறவர்களுக்கு 265/70 ஆர் 16 என்று ஓர் அளவு இருக்கிறது. உயரம் 777 மில்லிமீட்டர். கம்பெனி அளவோடு மூன்றே மில்லிமீட்டர் வித்தியாசம். மொத்த உயரம் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் மாறாமல் பார்த்துக் கொள்வது அனுபவஸ்தர்கள் சொல்லும் பொது விதி.

ரிம் சமாசாரம்

ரிம்மை மாற்றுகிறவர் நான்கு அளவுகளைக் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். முதலாவது பி.சி.டி.; அதாவது போல்ட் துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் குறுக்களவு. பழைய வில்லிஸுக்கு ஐந்து போல்ட், ஐந்தரை அங்குல வட்டம். இது ஒரு மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டாலும் கூடாது. 'இறுக்கினால் உட்கார்ந்துவிடும் ஸார்' என்று யாராவது சொன்னால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இரண்டாவது, ஹப்பின் மேல் உட்காரும் நடுத்துளை. மூன்றாவது, ரிம்மின் அகலம். வாங்கப் போகும் டயருக்கு அது பொருந்த வேண்டும்.

நான்காவதுதான் பலரை ஏமாற்றுவது: ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் பதியும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற கணக்கு அது. இந்த எண் 40-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்கினால் சக்கரம் நாற்பது மில்லிமீட்டர் வெளியே தள்ளிக் கொண்டு நிற்கும். பார்ப்பதற்குப் பயில்வான் மாதிரி இருக்கும், வாஸ்தவம்தான். ஆனால் பேரிங்குக்கும் ஸ்டியரிங் மூட்டுகளுக்கும் அது ஓயாத பாரம். ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டித் தூக்குவதற்கும், கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

இரும்பு ரிம்மா, அலாய் ரிம்மா? இரும்பு பெரும்பாலும் கனமாக இருக்கும். ஆனால் அடிபட்டால் வளையும். சுத்தியலால் தட்டி, ஊர் வந்து சேர்ந்துவிடலாம். அலாய் அழகு, ஆனால் பலத்த அடி பட்டால் விரிசல் விட்டுவிடலாம். காட்டுக்குள் விரிசலுக்கு வைத்தியம் கிடையாது.

பட்டனைப் பாருங்கள்

அளவைவிட முக்கியமானது டயரின் பட்டன். தார் ரோட்டு டயர், எல்லாத் தரைக்கும் ஏற்ற டயர், சேற்று டயர் என்று மூன்று ஜாதி. கடையில் இவற்றை முறையே எச்.டி., ஏ.டி., எம்.டி. என்பார்கள். சேற்று டயருக்குப் பட்டன்கள் பெரியவை, இடைவெளியும் அகலம். சுற்றும்போது சேற்றை உதறிவிடும். ஆனால் நெடுஞ்சாலையில் ஓயாமல் 'ஓ'வென்று ஊளையிடும். மழையில் நனைந்த தார் ரோட்டில் பிடியும் குறையும். நடுவிலே இருக்கும் ஏ.டி. டயரைக் கம்பெனி அளவிலேயே போட்டுக் கொண்டால், நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது தாராளமாகப் போதும்.

காசில்லாத வித்தை

கடைக்கார அண்ணன் சொன்ன 'வேறு வழி' இதுதான். மணலுக்கோ கல் பாதைக்கோ வந்ததும் இறங்கி, டயரிலுள்ள காற்றைக் கொஞ்சம் விடுங்கள். 32 பவுண்டு இருந்ததை 18, 20-க்குக் கொண்டு வந்தால் டயர் நீளவாக்கில் படர்ந்து தரையை அதிகமாகக் கவ்வும். பெரிய டயர் செய்யும் வேலையில் பெரும் பங்கை இது ஒரு பைசா செலவில்லாமல் செய்துவிடுகிறது. பதினைந்துக்குக் கீழே இறக்காதீர்கள். திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று கொள்ளலாம். இந்த நிலையில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறுபடி காற்று அடித்தாக வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடித்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கடைசியாக ஒரு கசப்பு மருந்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருஷத்துத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நேர்ந்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனியாரும் முதலில் டயரைத்தான் அளந்து பார்ப்பார்கள். ஆகையால் அளவை மாற்ற நினைப்பவர் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்வது உத்தமம்.

வண்டியை வாங்கிய கையோடு டயர் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் காற்று அளக்கும் கருவி ஒன்றும், வண்டி பாட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றும் வாங்குங்கள். வந்த டயரிலேயே ஒரு மழைக்காலம் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். எங்கே மாட்டிக் கொண்டது, எதனால் மாட்டிக் கொண்டது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பிறகு அந்த நோட்டை எடுத்துக் கொண்டு கடைக்குப் போனால், எந்த டயர் வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். நோட்டில் ஒன்றுமே எழுதவில்லையென்றால், மிஞ்சிய பணத்தில் வீட்டிலுள்ளவர்களையும் ஏற்றிக் கொண்டு கொல்லிமலைக்கு ஒரு தடவை போய் வரலாம்.