புதிய கணிப்பொறிக்குத் தரவுத்தளத்தை மாற்றுதல்

காலை 8.30 மணிக்கு மழைமானியில் அளவெடுக்கும் ஊழியர், அன்றைய மழையைப் பதிவேட்டில் குறித்ததும் தம் கடமை முடிந்ததென எண்ணக்கூடும். உண்மையில் அந்த எண்ணின் பயணம் அங்கேதான் தொடங்குகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது 1875-ஆம் ஆண்டில். அக்காலம் முதற்கொண்டு இத்தகைய விவரங்கள் கையெழுத்துப் பதிவேட்டிலிருந்து துளை அட்டைக்கும், பின்னர் காந்த நாடாவுக்கும், இறுதியில் கணிப்பொறியின் வட்டுக்கும் மாறி வந்திருக்கின்றன. யந்திரத்தின் ஆயுள் சில ஆண்டுகளே. விவரங்களின் ஆயுளோ தலைமுறைகளைக் கடந்தது. ஆதலின் அவற்றைப் பழுதின்றி இடம் மாற்றுவது முக்கியமான பணியாகும்.

டேட்டாபேஸ் என்று அலுவலகங்களில் வழங்கும் தரவுத்தளம், பல்லாயிரம் பதிவேடுகளை ஒழுங்காக அடுக்கி வைத்து, கேட்டதை நொடியில் எடுத்துத் தரும் ஏற்பாடு. அதைத் தாங்கி நின்று பல அலுவலகங்களின் கேள்விகளுக்கு விடையளிக்கும் கணிப்பொறியே சர்வர். வட்டு பழசாகிவிட்டாலோ இடம் போதாமற்போனாலோ புதிய சர்வருக்கு மாற நேரிடுகிறது. பிரதி எடுத்துப் புதியதில் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது.

கணக்கர் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் பேரேட்டை மற்றொருவர் அதே வேளையில் பிரதி எடுப்பதாகக் கொள்வோம். முதற்பக்கம் பிரதியான பின் அதில் ஒரு தொகை திருத்தப்பட்டு, கடைசிப் பக்கத்தின் மொத்தமும் மாற்றப்பட்டால், பிரதியின் தொடக்கமும் முடிவும் பொருந்தா. இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தாலும் இதே கதிதான். ஆகவே புதிய பதிவுகளை நிறுத்தி வைத்து நகலெடுக்க வேண்டும். அல்லது ஒரே கணத்து நிலையை முழுமையாக எடுத்துத் தரும் கருவியை உபயோகிக்க வேண்டும்.

நகலெடுத்த பின்னும் சில பிழைகள் ஓசையின்றிப் புகக்கூடும். பதிவேட்டில் பூஜ்யம் என்றால் மழை இல்லை என்பது பொருள். வெற்றிடம் என்றால் அளவு எடுக்கப்படவில்லை என்பது பொருள். இடம் மாறும்போது வெற்றிடங்கள் பூஜ்யங்களாகிவிடுவதுண்டு. 30 நாட்களில் 25 நாட்கள் மட்டும் அளவெடுத்து, மொத்தம் 150 மில்லிமீட்டர் பதிவானதாகக் கொள்க. அளந்த நாட்களின் சராசரி 6 மில்லிமீட்டர். ஐந்து வெற்றிடங்களும் பூஜ்யமானால் சராசரி 5 ஆகிவிடும். மழையற்ற நாட்கள் ஐந்து கூடிவிடும். ஆனால் வரிசைகளின் எண்ணிக்கையும் மாறாது, கூட்டுத்தொகையும் மாறாது! எனவே வெற்றிடங்களையும் தனியே எண்ணி ஒப்பிட வேண்டும்.

அடுத்தது கடிகாரம். புதிய சர்வர் இந்திய நேரத்திற்குப் பதிலாக உலகப் பொது நேரத்தில் ஓடினால் ஐந்தரை மணி பின்தங்கும். நள்ளிரவுக்கும் காலை 5.30 மணிக்கும் இடையே பதியப்படுபவை முந்தைய தேதியைப் பெறும். மாதத்தின் முதல் நாளில் அவ்வேளையில் பதியப்படுபவை சென்ற மாதக் கணக்கில் சேரும்.

எழுத்துக்களிலும் கவனம் தேவை. இன்று பெரிதும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில், மழை என்ற சொல் மூன்று குறியீடுகளாகவும், ஒவ்வொன்றும் மூன்று பைட்டாகவும், ஆக ஒன்பது பைட்டாகப் பதிகிறது. புதிய சர்வர் அவற்றை லத்தீன் எழுத்துக்களெனக் கருதினால், ஊர்ப்பெயர்கள் யாவும் பொருளற்ற குறிகளாகிவிடும்.

நூலின் பின்னுள்ள சொல்லடைவு போன்ற அட்டவணை தரவுத்தளத்திலும் உண்டு. 2018-இல் வெளிவந்த ஜிலிப்சி 2.28 என்ற லினக்ஸ் மென்பொருள் நூலகத்தில் சொற்களின் வரிசைமுறை மாறியது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளக் கோப்புகளை அப்படியே புதிய லினக்ஸுக்கு மாற்றியவர்கள் சிலருக்கு, உள்ளே இருக்கும் பதிவே தேடினால் அகப்படாத நிலை ஏற்பட்டது. அட்டவணையைப் புதிதாக அமைப்பதே பரிகாரம்.

விவரம் பத்திரமாகச் சேர்ந்தாலும் அதைத் தாங்கும் அமைப்பு தவறலாம். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் புதிய அமைப்புக்கு மாறியது. விவரங்கள் சரியாகவே சென்றடைந்தன. அமைப்போ சரியாக இயங்கவில்லை. வங்கியின் 52 லட்சம் வாடிக்கையாளரில் கணிசமான பகுதியினர் அவதியுற்றனர். வழக்கமான நிலை திரும்ப டிசம்பர் ஆயிற்று. 2022-இல் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86½ லட்சம் பவுனாகும்.

ஆகவே, முதலில் ஓர் ஒத்திகை நடத்துக. வரிசைகள், கூட்டுத்தொகைகள், வெற்றிடங்கள், முதற்தேதி, கடைசித்தேதி ஆகியவற்றை இரு சர்வர்களிலும் ஒப்பிடுக. குறித்த நாளில் பழையதில் எழுதுவதை நிறுத்திய பின்னரே இறுதி நகல் எடுக்க வேண்டும். இரண்டிலும் ஒருங்கே எழுத இடமளித்தால் எது மெய்யென்று கூற இயலாது. புதியது நன்கு நிலைபெறும் வரை பழையதை அழித்தலாகாது.

இப்பணி தலைமை அலுவலகத்தாருக்கு மட்டும் உரியதன்று. சர்வர் மாறிய பின், களப்பணியாளர் தம் நிலையத்துப் பதிவேட்டில் பத்துப் பக்கங்களைத் தேர்ந்து, புதிய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராக. ஆசிரியர்கள் ஒரு மாத மழைப் பட்டியலை மாணவரிடம் கொடுத்து, வெற்றிடத்தைப் பூஜ்யமாக்கினால் சராசரி எவ்வாறு பிறழ்கிறதெனக் கணக்கிடச் செய்யலாம். அன்று அளக்கத் தவறிய மழையை இனி எவராலும் அளக்க முடியாது. அந்த வெற்றிடத்தை வெற்றிடமாகவே அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்ப்பதும் விஞ்ஞான நேர்மையே ஆகும்.