கோழையும் குப்பி மருந்தும்

மார்கழிப் பனி தாமிரபரணிக் கரையில் இறங்கிவிட்டால், சீவலப்பேரி போன்ற ஆற்றங்கரை ஊர்களில் தொண்டையிற் கோழை கட்டி அவதியுறுவோர் செய்யும் முதற் காரியம், மருந்துக் கடைமுன் நின்று, "அண்ணாச்சி, சளிக்கு ஒரு டானிக் தாங்க" என்று கேட்டு, அவர் எடுத்துத் தரும் குப்பியை வைத்தியரின் சீட்டும் இல்லாமல், ரசீதும் இல்லாமல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதேயாகும். அதோடு நின்றாலும் பாதகமில்லை. தாத்தாவுக்கு வாங்கிய அந்தக் குப்பியிலிருந்தே மூன்று வயதுப் பேரனுக்கும் அரைக் கரண்டி புகட்டப்படுகிறது. வேண்டாமென்று தடுத்தால், "காலங்காலமாக் குடுத்துட்டுதான வாறோம்" என்னும் விடையே கிடைக்கிறது.

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா மாவட்டத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அவர்களுக்குப் புகட்டப்பட்ட 'கோல்ட்ரிஃப்' என்னும் இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில், ஸ்ரேசன் பார்மசூட்டிகல்ஸ் என்னும் ஆலையில் ஆக்கப்பட்டது. தமிழக அரசின் ஆய்வகத்தார் சோதித்தபோது, 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கலாகாத டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு அதில் 48.6 சதவீதம் இருந்தது. அக்டோபர் 13-ஆம் நாள் ஆலையின் உரிமத்தை ரத்துச் செய்த அரசாங்கம், குழந்தைகள் மடியுமுன் அந்த ஆலைக்குள் நுழைந்து பார்க்க ஏன் நேரம் காணவில்லை என்பது கேட்கத்தக்க கேள்வி. இதே நஞ்சு 1972-இல் சென்னையிலும் குழந்தைகளின் உயிரைக் குடித்திருக்கிறது. அரை நூற்றாண்டு அவகாசம் நம் அதிகாரிகளுக்குப் போதவில்லை போலும்.

ஆகவே, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பொதுவாக அவசியமில்லை. மத்திய சுகாதாரத் துறை அதே அக்டோபரில் விடுத்த அறிவுரை இது. அதையும் மீறிக் கொடுத்துவிட்டு, குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலோ நின்றாலோ, விடியட்டும் என்று காத்திராமல், குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கோழை சரீரத்தின் பகையன்று. மூச்சுவழியிற் புகும் தூசியையும் கிருமியையும் பற்றி வெளியேற்றுவதற்காக இயற்கை சுரப்பது. அது கெட்டிப்படுவதுதான் உபாதை. அதனை இளக்குவதற்கு வெந்நீரை அடிக்கடி பருகுவதும், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளிப்பதும், ஒரு வயது கடந்தவர்களாயின் படுக்குமுன் சிறிது தேன் அருந்துவதும், தலையைச் சற்று உயர்த்திப் படுப்பதும் பெரும்பாலும் போதும். சுக்குக் காப்பியும் தூதுவளை ரசமும் தொண்டைக்கு இதமளிப்பவை. அவற்றை எவரும் குறைகூறார். ஆனால் இரவு பத்து மணிக்கு வயிறு புடைக்கப் பரோட்டா உண்டு உடனே சாய்கிறவருக்கு, இரைப்பையின் புளிப்பு மேலேறித் தொண்டையிற் கோழையாக உறுத்துவதை எந்த ரசமும் தடுக்காது. பீடிப் புகையும், விறகடுப்புப் புகையும், செங்கற்சூளைத் தூசியும் அகலாதவரை கோழையும் அகலாது.

இயற்கை வைத்தியம் என்ற பெயரால் நிகழும் விபரீதங்களும் உண்டு. குழந்தையின் மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குட் சென்று கேடு செய்யும்; கற்பூரம் வயிற்றுக்குட் போனால் வலிப்பு வரும்; கொதிக்கும் பாத்திரத்தின்மேல் குழந்தையைக் கவிழ்த்து ஆவி பிடிக்கச் செய்து வெந்துபோன முகங்கள் எத்தனையோ. வயிற்றில் சிக்கிய உணவு என்று சொல்லப்படும் 'தொக்கம்' எடுக்கிறேன் என்று வாயால் உறிஞ்சிக் காட்டுவோரிடம் குழந்தையைக் கொண்டுசெல்வதை இனியாவது நிறுத்துங்கள். ஆடாதோடை நல்ல மூலிகையே எனினும், கருவுற்ற பெண்கள் தாமாக அருந்தலாகாது. சந்தேகம் தீர, 1964 முதல் பாளையங்கோட்டையில் இயங்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் புறநோயாளர் பிரிவு இருக்கிறதே!

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமலும் சளியும் நீடித்தால் கஷாயம், டானிக் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்குக் காசு இல்லை. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, ஆழ மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமிவரும் சளியே வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு, "ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்று திரும்பி வந்தவர்கள் பலர். காசநோய் எனத் தெரிந்தால் சிகிச்சையும் இலவசம். ஊட்டத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும். கணக்கு எண்ணைக் கொடுக்க மறப்பவர்களுக்கு அது வாராது.

மருந்தின்மீதே ஐயமுற்றால் என்ன செய்வது? 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, தாம் விலைக்கு வாங்கிய எந்த மருந்தையும் அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்கு அனுப்பி, அவர் கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறும் உரிமையை எவர்க்கும் அளிக்கிறது. விண்ணப்பத்துக்குப் படிவம் 14-ஏ. பெயர், முகவரி, தொழில், மருந்தின் பெயர், வாங்கிய கடையின் முழு முகவரி, வாங்கிய தேதி, சோதனை கோரும் காரணம் ஆகியவற்றை நிரப்பி, விதிக்கப்பட்ட கட்டணம் செலுத்த வேண்டும். வாங்கியபடியே, கலப்பின்றி அனுப்புவதாக உறுதிமொழியும் அதில் உண்டாதலால், திறந்த குப்பி உதவாது. அதே தொகுதி எண்ணுள்ள, முத்திரை உடையாத குப்பி வேண்டும். திறந்த குப்பியை, எஞ்சிய மருந்தைக் கொட்டாமல், எழுத்துப் புகாருடன் மருந்து ஆய்வாளரிடம் ஒப்படைக்கலாம். திருநெல்வேலி மண்டல மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்தில், "அப்படி ஒரு படிவமே கிடையாது" என்று எவரேனும் சொன்னால் வாதிட வேண்டாம். பிரிவின் எண்ணைக் குறித்து மனு எழுதி, ஒப்புகைச் சீட்டுக் கேளுங்கள். மறுத்தால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் அம்மனுவையே கொடுங்கள். அறிக்கை கைக்கு வந்தபின், பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடர 32-ஆம் பிரிவு இடமளிக்கிறது. பக்கவிளைவு மட்டும் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

இவை யாவற்றுக்கும் ரசீது வேண்டும். தொகுதி எண் எழுதிய ரசீது. மீண்டும் சொல்கிறேன், ரசீது. "பத்து ரூபா மருந்துக்குப் பில்லா?" என்று கடைக்காரர் சிரித்தால், அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.