பழைய உழவு இயந்திரத்தில் பற்றறி ஏன் இறங்குகிறது?

காலபோகத்தின் முதல் மழை விழுந்து, வயலில் இறங்க வேண்டிய நாளில் உழவு இயந்திரம் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது எமது கிராமங்களில் அடிக்கடி நடப்பதே. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. பற்றறி முடிந்துவிட்டது என்று தீர்மானித்து, கடன்பட்டாவது புதியதொன்றை வாங்கிப் பூட்டுகிறோம். இரண்டு மூன்று கிழமைகளில் அதுவும் இறங்கிவிடுகிறது. பல வேளைகளில் பழுது பற்றறியில் இல்லை. அதற்கு மின்னேற்றும் ஒழுங்கிலேயே உள்ளது. தளர்ந்த ஒரு பெல்ட், கறள் பிடித்த ஒரு வயர், தேய்ந்த ஒரு காபன் துண்டு என்பவற்றுக்காக ஒரு பற்றறியின் விலையைக் கொடுத்துவிடுகிறோம்.

எமது வயல்களில் இன்றும் உழைக்கும் பழைய மெசி பேர்குசன் 35, 135 ஆகிய இயந்திரங்களை மனத்திற் கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறோம். இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1956 இல் வெளிவரத் தொடங்கிய 35 இன் இடத்துக்கு 1964 இன் இறுதியில் 135 வந்தது. இவற்றுள் பழையவற்றில் லூக்கஸ் டைனமோவும், பிந்தியவற்றில் ஓல்ற்றநேற்றரும் பூட்டப்பட்டிருக்கும். டைனமோ நீண்ட உருளை வடிவானது. பின்புறத்தில் ‘டி’, ‘எஃப்’ என்னும் ஆங்கில எழுத்துகள் குறித்த இரண்டு முனைகள் இருக்கும். ஓல்ற்றநேற்றர் கட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். உங்களிடம் உள்ளது எது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை

பற்றறி இறங்கிய இயந்திரத்தைக் கீழே நின்றபடி, ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் ஸ்குறூ டிறைவரால் தொடுத்து இயக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. கியர் விழுந்திருந்தால் இயந்திரம் அந்தக் கணமே பாயும். தொடுப்பவர் நிற்பதோ பெரிய சில்லின் முன்னால். தப்ப நேரம் கிடையாது. அணைக்கட்டின் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்வதும் இத்தகையதே. மின்னேற்றும் ஒழுங்கைச் சீராக வைத்திருப்பது பணத்தை மட்டுமன்றி உயிரையும் காக்கும் வேலையாகும்.

எப்படி வேலை செய்கிறது?

பற்றறி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. சேமித்து மட்டுமே வைக்கிறது. அதனைத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி என்று எண்ணிக்கொள்ளலாம். டைனமோ அத்தொட்டிக்கு நீர் இறைக்கும் பம்பி. பம்பி நின்றவுடன் நீர் திரும்பிக் கிணற்றுக்குள் போகாமல் தடுக்க அடியில் புட்வால்வு இருப்பதுபோல, டைனமோவுக்கும் பற்றறிக்கும் நடுவே ‘கட்டவுட்’ இருக்கிறது. டைனமோ போதிய அளவு மின்சாரம் தரும்போது அது மூடி வழிவிடும். எஞ்சின் நின்றதும் திறந்து வழியை அடைத்துவிடும். அதே பெட்டியினுள் இருக்கும் ரெகுலேட்டர், தொட்டி நிரம்பி வழியாமல் டைனமோவின் வேலையைக் கூட்டிக் குறைக்கிறது.

1990 களில் மின்சாரமும் பற்றறியும் இல்லாத வடபகுதியில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட நாட்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சைக்கிள் டைனமோவினுள் நிலையான காந்தம் உண்டு. உழவு இயந்திரத்து டைனமோவில் இரும்பில் எஞ்சிநிற்கும் சிறிதளவு காந்தத்தன்மையே உண்டு. அதனைக்கொண்டு தொடங்கி, தான் பிறப்பிக்கும் மின்னாலேயே தன் காந்தத்தை அது வலுப்படுத்திக்கொள்கிறது. எஞ்சிய காந்தம் போய்விட்டால், எல்லாம் நல்ல நிலையில் இருந்தும் மின் பிறக்காது.

சோதிக்கும் ஒழுங்கு

செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குவோம். 12 வோல்ற்றை அளக்கும் சாதாரண மீற்றர் ஒன்று போதும்.

1. பற்றறி: முனைகளிற் பூத்திருக்கும் வெண்பச்சைப் பொடியைச் சுடுநீரால் கழுவி, சுரண்டித் துடைத்து, இறுகப் பூட்டி, மேலே சிறிது கிறீஸ் பூசுங்கள். கழற்றும்போது உடலுடன் இணைந்த எர்த் வயரை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் செய்யுங்கள். இல்லாவிடில் ஸ்பனர் உடலில் தட்டித் தீப்பொறி பறக்கும். மின்னேறும் பற்றறியிலிருந்து வரும் வாயு வெடிக்கக்கூடியது. பீடி, சுருட்டு அருகில் ஆகாது. நீர் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரையே விடுங்கள். சுண்ணாம்பு கலந்த கிணற்றுநீர் தகடுகளைக் கெடுக்கும்.

ஓர் இரவு ஓய்வில் இருந்த நல்ல பற்றறி ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். 12.2 என்றால் பாதியளவே உண்டு. 12 க்குக் கீழ் என்றால் வெறுமை. வெளியே முழுமையாக மின்னேற்றிய பின்னரும், பயன்படுத்தாமல் வைத்த ஓரிரு நாளில் இறங்கினால் மட்டுமே பற்றறியைக் குறை சொல்லலாம்.

2. பெல்ட்: இரு கப்பிகளுக்கு நடுவே பெருவிரலால் அழுத்தினால் அரை முதல் முக்கால் அங்குலம் வரை தாழலாம். அதற்கு மேல் தளர்ந்தால் வழுக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் டைனமோவின் பெயாரிங் தேயும்.

3. எர்த்: பற்றறியிலிருந்து உடலுக்குச் செல்லும் வயரும், கட்டவுட் பெட்டியின் ‘ஈ’ முனையிலிருந்து உடலுக்குச் செல்லும் வயரும் வெறும் இரும்பைத் தொட வேண்டும். பெயின்ற், சேறு, கறள் எதுவும் நடுவில் இருக்கலாகாது. பெட்டியின் எர்த் விடுபட்டால் ரெகுலேட்டர் வேலை செய்யாது. டைனமோவின் மின் கட்டுப்பாடின்றிப் போகலாம்.

4. ஓட்டத்தில் அளத்தல்: எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, பற்றறியின் முனைகளில் அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ற் வரை இருந்தால் நல்லது. 12.5 அளவிலேயே நின்றால் மின்னேறவில்லை. 15 ஐத் தாண்டினால் மிகையாக ஏறுகிறது. இவ்வாறானவற்றில் பற்றறி நீர் விரைவாக வற்றும்.

5. டைனமோவைத் தனியே சோதித்தல்: மின்னேறவில்லையாயின், எஞ்சினை நிறுத்தி, டைனமோவின் ‘டி’, ‘எஃப்’ முனைகளிலிருந்து வயர்களைக் கழற்றி, அடையாளம் இட்டு ஒதுக்கி வையுங்கள். இரு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். மீற்றரின் ஒரு நுனியை அந்த இணைப்பிலும் மற்றதை டைனமோவின் உடலிலும் வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து மெதுவாக வேகத்தைக் கூட்டுங்கள். வோல்ற் தடங்கலின்றி ஏறி 15 ஐத் தாண்டினால் டைனமோ நல்லது. பழுது கட்டவுட் பெட்டியில் அல்லது வயரில் உள்ளது. 20 வோல்ற்றுக்கு மேல் ஏறவிட வேண்டாம்.

ஒன்றுமே காட்டாவிடில் காபன் துண்டுகளைப் பாருங்கள். அரை முதல் ஒரு வோல்ற் மட்டும் காட்டினால் புலச்சுருளில் பழுது இருக்கலாம், அல்லது காபன் சரியாகத் தொடாதிருக்கலாம். 4, 5 வோல்ற்றுடன் நின்றுவிட்டால் ஆமேச்சரைச் சந்தேகிக்கலாம்.

6. காபனும் கொமியூட்டேற்றரும்: டைனமோவின் பின்மூடியைக் கழற்றினால் இரண்டு காபன் துண்டுகள் தெரியும். கால் அங்குல அளவுக்குத் தேய்ந்தவற்றை மாற்றிவிடுங்கள். கூட்டுக்குள் இறுகி நிற்பவற்றைத் துடைத்து இலகுவாக அசையச் செய்யுங்கள். அவை உரசும் செப்பு உருளையைப் பெற்றோலில் நனைத்த துணியால் துடையுங்கள். கருமை போகாவிடில் நுண்ணிய மணற்கடதாசியைப் பயன்படுத்தலாம், எமரித்தாள் வேண்டாம். அதன் துகள்கள் மின் கடத்துவதுடன் செம்பிலும் பதிந்துவிடும். பின்புறத் துளையில் இடைக்கிடை இரண்டொரு துளி எஞ்சின் ஒயில் விடுங்கள். கூடினால் ஒயில் காபனில் ஊறிவிடும்.

7. காந்தம் ஊட்டல்: நெடுநாள் நின்ற அல்லது பழுது பார்த்துவந்த டைனமோவுக்கு இது தேவைப்படலாம். எஞ்சின் நிற்கும்போது ‘எஃப்’ முனையின் வயரைக் கழற்றிவிட்டு, பற்றறியின் எர்த் செய்யப்படாத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து ‘எஃப்’ முனையில் இரண்டு மூன்று தடவை தட்டி எடுங்கள். அக்காலப் பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் நேர் முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. ஆகவே நிறத்தைப் பார்த்தல்ல, எர்த் எந்த முனையில் உள்ளது என்பதைப் பார்த்தே செய்யுங்கள்.

கட்டவுட் ஒட்டிக்கொண்டால்

எஞ்சினை நிறுத்திய பின்னும் டைனமோ சூடேறினால் அல்லது புகை மணம் வந்தால், கட்டவுட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டு பற்றறியின் மின் திரும்பிப் பாய்கிறது எனலாம். உடனே எர்த் வயரைக் கழற்றுங்கள். தாமதித்தால் டைனமோவின் சுருள் எரிந்து போகும். பெட்டியினுள் உள்ள திருகுகளை ஊகத்தில் திருப்ப வேண்டாம். அதனை அனுபவமுள்ள மின் திருத்துநரிடம் விட்டுவிடுவதே சிக்கனம்.

ஓல்ற்றநேற்றர் உள்ளவர்களுக்கு

மேலே சொன்ன 5, 6, 7 ஆம் சோதனைகள் டைனமோவுக்கு மட்டுமே உரியன. பற்றறி, பெல்ட், எர்த் ஆகியன இரண்டுக்கும் பொதுவானவை. பழைய லூக்கஸ் ஓல்ற்றநேற்றரில் எச்சரிக்கை விளக்கின் ஊடாகவே தொடக்க மின் செல்கிறது. சாவியைத் திருப்பியதும் அது எரியாவிடில் முதலில் மின்குமிழை மாற்றிப் பாருங்கள். சில ரூபாக் குமிழ் ஒன்றே முழுப் பழுதுக்கும் காரணமாயிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது பற்றறியைக் கழற்றாதீர்கள். பற்றறியின் முனைகளை மாற்றிப் பூட்டாதீர்கள். உடலில் ஒட்டுவேலை செய்யுமுன் ஓல்ற்றநேற்றரின் வயர்களைக் கழற்றுங்கள். தவறினால் அதன் உள்ளே உள்ள டயோட்டுகள் கெட்டுப்போகும்.

விளக்குகளின் சுமை

எல்லாம் சரியாக இருந்தும் பற்றறி இறங்குகிறதா? விளக்குகளை எண்ணிப் பாருங்கள். லூக்கஸ் சி40 வகை டைனமோ ஒன்று ஆகக்கூடியது 22 அம்பியர் தரும். இரவு உழவுக்காகப் பூட்டும் 55 வாற் விளக்கு ஒன்று நாலரை அம்பியர் வரை எடுக்கும். நான்கு விளக்குகள் 18 அம்பியர். பற்றறிக்கு மிஞ்சுவது சொற்பமே. அத்துடன், டைனமோ எஞ்சினின் மெதுவான ஓட்டத்தில் அனேகமாக மின்னேற்றாது. நின்ற இடத்தில் விளக்கெரிய ஓடவிடுவது டீசலையும் பற்றறியையும் ஒருங்கே குடிக்கும்.

கூடிச் செய்யக்கூடியது

ஒரு மீற்றரும் பற்றறி நீரின் அடர்த்தியை அளக்கும் மானி ஒன்றும் வாங்க ஒரு புதுப் பற்றறியின் விலையிற் சிறு பங்கே செலவாகும். கமக்காரர் அமைப்போ, பங்கின் இளைஞர் குழுவோ இவற்றை வாங்கி வைத்து, போகம் தொடங்க ஒரு மாதம் இருக்கையில் ஊரிலுள்ள இயந்திரங்கள் யாவற்றையும் ஒரே நாளில் சோதித்துவிடலாம். உழவுநாளில் ஒருவரது இயந்திரம் நின்றால், கூலிக்கு அதனைக் காத்திருக்கும் பல குடும்பங்களின் விதைப்பும் பிந்துகிறது. மழை எவருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆகவே அடுத்த முறை ‘டக்’ என்ற சத்தம் கேட்டால், கடைக்குப் போகுமுன் பெல்ட்டை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.