“பக்கத்து வீட்டுக்காரன் என்னைத் திட்டுறான்!”
மனச்சிதைவு நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

நன்றாகப் படித்துக் கொண்டிருந்த பையன். திடீரென்று கல்லூரிக்குப் போக மாட்டேன் என்கிறான். கதவைச் சாத்திக் கொள்கிறான். குளிப்பதில்லை. ராத்திரி தூங்குவதில்லை. “என்னடா ஆச்சு?” என்றால், “பக்கத்து வீட்டுக்காரன் திட்டிக்கிட்டே இருக்கான், உனக்குக் கேக்கலையா?” என்கிறான். பக்கத்து வீடோ பூட்டிக் கிடக்கிறது!

வீட்டில் முதலில் அதட்டுகிறார்கள். அப்புறம் மந்திரித்துத் தாயத்துக் கட்டுகிறார்கள். “ஒரு கால்கட்டுப் போட்டா சரியாயிடும்” என்று பெண் பார்க்கக் கிளம்புகிறவர்களும் உண்டு. பாவம், அந்தப் பெண்! இப்படியே மாதங்கள், சில வீடுகளில் வருடங்கள் ஓடி விடுகின்றன.

இவை ‘ஸ்கிசோஃப்ரினியா’ எனப்படும் மனச்சிதைவு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ‘அந்நியன்’ (2005) படத்தில் வருவது போல ஒருவரே இரண்டு ஆளாக மாறுவது அல்ல இது. அது வேறு கோளாறு.

சோம்பேறி அல்ல

இல்லாத குரல் கேட்கும். சாப்பாட்டில் விஷம் வைத்து விட்டார்கள், டி.வி.யில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அடித்துச் சொல்வார். பேச்சு கோர்வையாக வராது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து விடும். தெரியாதது இன்னொரு பக்கம்: சிரிப்பு, பேச்சு, அக்கறை எல்லாம் வற்றிப் போகும். அதைத்தான் ‘சோம்பேறி’ என்று திட்டித் தீர்க்கிறார்கள்.

ஸ்கேனில் தெரியாது

இந்த நோயைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. டாக்டர் அவற்றை எடுக்கச் சொன்னால், மூளைக் கட்டி, தைராய்டு, வலிப்பு, போதைப் பொருள் போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். அறிகுறிகள் ஒரு மாதமாவது நீடித்தனவா என்பது முக்கியம். நோயாளியோ “எனக்கு ஒண்ணுமில்லே” என்பார். ஆகவே வீட்டார் சொல்லும் விவரம்தான் டாக்டருக்குப் பெரிய துருப்பு. தூக்கம் எப்போது போனது, தனக்குத்தானே பேச ஆரம்பித்தது எந்த மாதம் என்று ஒரு தாளில் குறித்துக் கொண்டு போவது நல்லது.

யாருக்கு வரும்?

பெரும்பாலும் 15 வயதுக்கு மேல், 30-க்குள் தலை காட்டும். ஆண்களுக்குச் சற்று முன்னதாகவே வரும். தாய் அல்லது தந்தைக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100-க்கு சுமார் 10. அதாவது 90 பேருக்கு வருவதில்லை! பிரசவச் சிக்கல், இளம் வயதில் கஞ்சா ஆகியவை ஆபத்தைக் கூட்டும். வளர்ப்பு சரியில்லை என்று தாயைக் குறை சொல்வது அபாண்டம்.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந்தேதி அதிகாலை ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியவில்லை. 28 பேர் பலியானார்கள். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

மாத்திரை சாப்பிட்டால் பலருக்குச் சில வாரங்களில் குரல்கள் அடங்கும். “இப்ப நல்லாயிருக்கேன்” என்று தானாக நிறுத்தினால் திரும்ப வரும். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று ஊர் கேலி பேசுமே என்று பலர் தயங்குகிறார்கள். ஆனால் கீழ்ப்பாக்கம் வரை போகத் தேவையில்லை. மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரிகளிலும் மனநல டாக்டர் உண்டு. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ 14416 எண்ணில் எந்த நேரமும் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். தமிழிலேயே பேசலாம்.